ஹைஃபன், என்டாஷ், எம்டாஷ்: மூன்றும் ஒன்றல்ல

ஆங்கிலத்தில் நன்றாக எழுதுபவர்கள்கூட ஹைஃபன் (-), என்டாஷ் (–), எம்டாஷ் (—) என்ற இந்த மூன்று கோடுகளையும் ஒன்றாகவே பாவிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, விசைப்பலகையில் இருப்பதே ஒரு கோடுதான். தட்டச்சு இயந்திரத்தில் விசைகளுக்கு இடம் குறைவு என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே கோட்டை வைத்தார்கள், கணினி வந்தபோது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பழைய அட்டவணையான ஆஸ்கியும் அதையே எடுத்துக்கொண்டது, இப்போதைய அட்டவணையான யூனிகோடில் அந்தக் குறியின் பெயர் இன்றைக்கும் 'ஹைஃபன்-மைனஸ்'தான். ஆனால் அச்சுக்கூடத்தில் இவை தனித்தனி அச்சுகள். எழுத்தளவு 12 புள்ளி (அச்சில் எழுத்தை அளக்கும் அலகு) என்றால் எம்டாஷ் வழக்கமாக 12 புள்ளி அகலம், என்டாஷ் அதில் பாதி, ஹைஃபன் இன்னும் குட்டை.

ஹைஃபனின் வேலை ஒட்டுவது. 'மேன்-ஈட்டிங் ஷார்க்' என்றால் ஆளைத் தின்னும் சுறா, ஹைஃபனை எடுத்துவிட்டால் சுறாவைத் தின்றுகொண்டிருக்கும் ஆள் என்றும் படிக்கலாம். விளையாட்டுச் செய்திகளில் இது இன்னும் மோசம்: ஒரு வீரர் 'ரீ-சைன்' செய்தால் மறுபடி ஒப்பந்தம் போட்டிருக்கிறார், 'ரிசைன்' செய்தால் விலகிவிட்டார். ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் அந்தக் குட்டிக் கோடு மட்டுமே. அதற்காக எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டே போகவும் கூடாது. 2007இல் வந்த ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபர்ட் அகராதியின் ஆறாம் பதிப்பு ஏறத்தாழ 16,000 சொற்களிலிருந்து ஹைஃபனை எடுத்துவிட்டது. சந்தேகம் வந்தால் புதிய அகராதியைப் பாருங்கள், ஊகிக்க வேண்டாம்.

என்டாஷைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றில் யாரும் கண்டுகொள்ளாதது அதுதான். 1939–1945, பக்கம் 12–18 என்று 'இதிலிருந்து இதுவரை' என்பதைக் குறிக்க வருவது இது. (முன்னால் 'ஃப்ரம்' என்று எழுதிவிட்டால் நடுவில் கோடு போடாதீர்கள், 'டு' என்றே எழுதுங்கள்.) இது எண்களோடு நின்றுவிடுவதில்லை. சமமாக நிற்கும் இரண்டு பெயர்களுக்கு நடுவிலும் என்டாஷ் வரும். 1887இல் நடந்த மைக்கெல்சன்–மோர்லி சோதனையைச் செய்தவர்கள் இரண்டு பேர், அதனால் அங்கே என்டாஷ். இயற்பியலில் வரும் லெனார்ட்-ஜோன்ஸ் ஒரே ஆள். ஜோன்ஸ் என்பவர் 1925இல் கேத்லீன் லெனார்டை மணந்தபோது மனைவியின் குடும்பப் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார், அதனால் அங்கே ஹைஃபன். இரண்டும் சேர்ந்து வரும் இடமும் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் அது: கணிதத்தில் பர்ச்–ஸ்வின்னர்டன்-டயர் கருதுகோள். ஆங்கிலத்தில் அதைச் சரியாக அச்சடித்திருந்தால், கணிதமே தெரியாதவரும் இதில் இருப்பது மூன்று பேர் அல்ல, இரண்டு பேர் என்று கோட்டை வைத்தே சொல்லிவிடலாம். இவ்வளவு தகவலை ஓரிரு மில்லிமீட்டர் நீளத்தில் வைக்க முடிகிறதே, அதை ஏன் விட வேண்டும்?

எம்டாஷ் வாக்கியத்தை உடைக்க வருவது. நடுவில் ஒரு செருகல், திடீரென்று ஒரு திருப்பம், முடிக்காமல் நின்ற பேச்சு. அமெரிக்கப் புத்தகங்களில் இருபுறமும் இடைவெளி விடாமல் போடுவார்கள், பிரிட்டிஷ் பதிப்பகங்கள் பலவற்றில் அதே வேலைக்கு இடைவெளி விட்ட என்டாஷ் வரும். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள். ஒரு வாக்கியத்தில் மூன்றாவது எம்டாஷ் வந்தால் எது செருகல் எது மூல வாக்கியம் என்றே தெரியாது, அப்போது வாக்கியத்தையே பிரித்து எழுதுவது நல்லது.

சரி, எப்படித் தட்டுவது? மேக்கில் ஆப்ஷனோடு ஹைஃபன் விசை என்டாஷ், கூடவே ஷிஃப்டையும் அழுத்தினால் எம்டாஷ். விண்டோஸில் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு வலதுபக்க எண் விசைகளில் 0150 தட்டினால் என்டாஷ், 0151 தட்டினால் எம்டாஷ். கைபேசியில் பெரும்பாலும் ஹைஃபனை அழுத்திப் பிடித்தாலே மற்றவை மேலே வரும். வேர்டில் ஒரு சொல்லை அடுத்து இடைவெளி விடாமல் இரண்டு ஹைஃபனைச் சேர்த்து அடித்து அடுத்த சொல்லை எழுதினால் அதுவே எம்டாஷாக மாறிவிடும். கட்டுரைக்கு இந்த வசதி நல்லது, ஆனால் கணினிக் கட்டளைகளை வேர்டில் எழுதி வைத்தால் அங்கேயும் இரட்டை ஹைஃபன் இப்படி டாஷாக மாறிவிடலாம், அப்புறம் அதை டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) ஒட்டும்போது கட்டளை ஓடாது. அப்படிப்பட்ட ஆவணங்களில் மட்டும் வேர்டின் ஆட்டோஃபார்மட் அமைப்பில் அந்த மாற்றத்தை அணைத்துவிடுங்கள்.