பால் ஸ்டோரின் மூன்று வாடைகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பால் ஸ்டோர் வாடையை, அதாவது ரப்பர்ப் பாலைச் சேர்த்து உறைய வைக்கும் கொட்டகையின் வாடையை, விளக்க வேண்டியதில்லை. மூக்கில் ஏறுவது அமோனியா. கண்ணைக் கரிக்க வைப்பது ஃபார்மிக் ஆசிட். சாக்கடையில் அழுகிய முட்டை வாடை அடித்தால், பெரும்பாலும் யாரோ மலிவுக்குச் சல்ஃபூரிக் ஆசிட் ஊற்றியிருக்கிறார்கள். தீங்கான பொருள்களையும் கழிவையும் குறைக்கப் பார்க்கும் பசுமை வேதியியலுக்கு 1998-இல் போல் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 12 கோட்பாடுகள் வகுத்தார்கள். கழிவை உண்டாக்கிவிட்டுக் கழுவுவதைவிட, உண்டாக்காமலே இருப்பது மேல் என்பது அதில் முதலாவது. அந்த ஸ்டோரை மனத்தில் வைத்துப் படித்தால் அது சட்டென்று விளங்கும்.

மரத்தில் கட்டிய மங்கிலிருந்து (பால் வடியும் கிண்ணம்) வரும் பாலில் ஏறக்குறைய 30 முதல் 35 விழுக்காடு ரப்பர். ஷீட் போடத் தண்ணீர் கலந்து அதை 12.5 விழுக்காட்டுக்கு இறக்குவார்கள். அப்படிக் கலந்த 4 லிட்டரில் அரைக் கிலோ ரப்பர் இருக்கும். 1 விழுக்காட்டு ஃபார்மிக் கரைசல் 200 மில்லி விட்டால் பால் உறையும், மறுநாள் காலை மெஷினில் உருட்டலாம். 90 விழுக்காட்டு ஆசிட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 10 மில்லி. தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. கெட்டியாக ஊற்றினால் விழுந்த இடம் மட்டும் உறைந்து கட்டி கட்டியாகும். நுரையை வழித்து எடுக்காவிட்டால் ஷீட்டில் குமிழி நிற்கும். அளவு குறைந்தால் மிஞ்சும் நீர் வெள்ளையாகவே இருக்கும். அது சாக்கடைக்குப் போகும் ரப்பர், கூலிக்காரர் உழைப்பும்தான்.

ஃபார்மிக் ஆசிட் சாதுவானதல்ல, தோலைப் பொசுக்கும். ஆனால் காயும்போது பெரும்பகுதி ஆவியாகிவிடும். கழிவு நீரில் சேர்ந்தது நுண்ணுயிர்களால் சிதைந்துவிடும். சல்ஃபூரிக் ஆசிட் ஆவியாகாது. ஷீட்டில் தங்கி, சூடு பட்டதும் ரப்பரின் வலுவைக் குறைக்கும். அதன் சல்ஃபேட்டைக் காற்றில்லாத குட்டையில் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். முட்டை வாடை அங்கிருந்துதான். விலை குறைவு என்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும்.

பால் உறையாமல் இருக்க அமோனியாவை அள்ளி விடுவதும் கேடு. ஒரு கிராம் அமோனியாவைச் சரிக்கட்டவே 2.7 கிராம் ஃபார்மிக் ஆசிட் போய்விடும். கையுறைத் தொழிற்சாலைக்குப் போகும் செறிவூட்டிய பாலில் 0.7 விழுக்காட்டு அமோனியாவை 0.2-க்குக் குறைத்து, பால் கெடாமலிருக்க டிஎம்டிடி என்ற பொடியும் துத்தநாக ஆக்சைடும் துளி சேர்ப்பார்கள். வாடை குறையும், ஆனால் டிஎம்டிடி சிதைந்து வரும் டைமெத்தில் அமைன், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைனாக மாறலாம். பால்போத்தல் ரப்பருக்கு ஐரோப்பா 1993-இலேயே இதற்கு வரம்பு வைத்தது. ரப்பரை வேகவைத்து உறுதியாக்கும்போது (வல்கனைஸ்) டிஎம்டிடிக்குப் பதில் அதே குடும்பத்து டிபிசிடிடி போட்டால், வரும் நைட்ரோசமைன் புற்றுநோய் வகையாகக் கருதப்படுவதில்லை. ஒரு தீங்கைக் குறைக்கப்போய் இன்னொன்றை உள்ளே விடாமல் பார்ப்பதுதான் இந்தத் துறையின் கடினமான பகுதி.

மலேசிய ரப்பர் வாரியத்தின் எக்கோப்ரீனா என்ற மாற்றியமைத்த ரப்பரிலும் அதே ஃபார்மிக் ஆசிட் வேலை செய்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து பெர்ஃபார்மிக் ஆசிடாகி, ரப்பர் மூலக்கூறில் ஆக்சிஜனை ஏற்றிவிட்டு மறுபடி ஃபார்மிக்காகத் திரும்பும். மிஞ்சுவது தண்ணீர். எல்லாம் பால் நிலையிலேயே நடக்கும்; கரைப்பான் வேண்டாம். ஆசிட் பட்டதும் பால் உறைந்துவிடாதிருக்க, மின்னூட்டமில்லாத சோப்பை முதலிலேயே கலந்துவிட வேண்டும். ஆசிட்டும் சூடும் மிஞ்சினால் அந்த ஆக்சிஜன் ரப்பரில் உண்டாக்கிய எப்பாக்சைடு வளையம் திறந்துகொள்ளும், ரப்பர் விறைத்துப் போகும்.