ஏழு கறிகளில் என் பங்கு

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது என் மருமகள் கைப்பேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "அத்தை, ஏழு கறிகளில் தாங்கள் எதைச் சமைப்பீர்கள் என்று அம்மா கேட்கிறார்" என்றாள். மொரீஷியஸில் பிறந்து, அந்த நாட்டுப் பேச்சுமொழியான கிரியோல் பேசி வளர்ந்து, தமிழைப் பள்ளிப் பாடமாகப் படித்தவள் ஆகையால், அவளுடைய தமிழ் எப்போதும் பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி வந்ததுபோலவே இருக்கும். மதுரையில் அறுபது வருடம் வாழ்ந்த என்னை அங்கே ஒருவரும் "தாங்கள்" என்று விளித்ததில்லை. அந்த மயக்கத்திலிருந்து தெளிந்த பிறகுதான் கேள்வி உறைத்தது. ஏழு கறி என்றால் என்ன என்று கேட்டேன். மருமகள் அதைக் கிரியோலில் தன் அம்மாவிடம் சொல்ல, மறுமுனையிலிருந்து ஒரு வியப்பொலி எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கு ஏழு கறி தெரியாதா, அப்படியானால் தீபாவளிக்கு இலையில் என்னதான் வைப்பீர்கள் என்று கேள்வி திரும்பி வந்தது. நான் உள்ளதைச் சொன்னேன்: இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். அது மொழிபெயர்ந்து போய்ச் சேர்ந்ததும் சிறிது நேரம் அங்கே பேச்சே இல்லை. பிறகு என் சம்பந்தியம்மாளின் குரல், தனக்குத் தெரிந்த தமிழில், மெதுவாக, "தீபாவளிக்கா?" என்றது.

அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஜூலை மாதத்தில் மகனுடன் வசிப்பதற்காக மொரீஷியஸில் வந்து இறங்கியிருந்தேன். அவனுக்கு எபேனில் வேலை, வீடு காத்ர் போர்னில். தை மாதத்தில் வந்திருந்தால் தைப்பூசக் காவடியின்போது கோயிலிலேயே ஏழு கறியைக் கண்டிருப்பேன். காவடி இந்த நாட்டில் அரசு விடுமுறை. காவடி செலுத்தி முடிந்ததும் வாழையிலையில் பரிமாறுவது ஏழு மரக்கறிகளோடு கூடிய சோறுதான். இங்குள்ள தமிழர் வீடுகளில் விரதம், பூசை என்று எதற்கும் அந்த இலை வரும். அதைப் பிரெஞ்சில் "செத் காரி" என்கிறார்கள். என் சம்பந்தி வீட்டுக் கணக்கில் ரசம், ஊறுகாய், அப்பளம், பாயசம் இவையெல்லாம் ஏழில் சேரா. அவை உடன்வருபவை. பருப்பிலிட்ட கத்தரிக்காய், பலாக்காய், வாழைக்காய், பூசணி, பெரிய வெள்ளை மொச்சை, ஏதேனும் ஒரு கீரை, பிறகு அந்தந்தப் பருவத்தில் கிடைக்கும் ஒரு காய் என்று ஏழு. வீட்டுக்கு வீடு ஒன்றிரண்டு மாறலாம். எண் மட்டும் மாறாது.

மதுரையில் தீபாவளி விருந்துக்கு நாங்கள் எண்ணிக்கை வைத்துக்கொண்டதே இல்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை எங்கள் பக்கம் வெஞ்சனம் என்போம், "இன்று என்ன வெஞ்சனம்?" என்றுதான் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அப்பாலிருந்து கேட்பாள். கறி என்ற சொல்லோ எங்களுக்கு ஆட்டிறைச்சியைத் தவிர வேறெதையும் குறிக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் "கறி எடுக்கப் போகிறேன்" என்று ஒருவர் பையைத் தூக்கினால் அவர் எங்கே போகிறார் என்று யாருக்கும் ஐயம் வராது. எங்கள் தெருவிலேயே இருந்த ஐயர் வீட்டில் வாழைக்காயை வதக்கி வைத்தாலும் அதைக் கறி என்றார்கள். சங்கப் பாட்டிலோ அதே சொல்லுக்கு மிளகு என்று பொருள். இப்படி ஊருக்கு ஒரு பொருளாக அலைந்த சொல் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து, மசாலையோடு சாறு சேர்ந்ததுதான் கறி என்று உறுதியாக உட்கார்ந்துகொண்டது. சாறு இல்லாதது கறியாகாது. இந்தச் சின்ன விதியை எனக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நான் பட்ட அவமானம் பாதியாகக் குறைந்திருக்கும்.

முதல் வருடம் நான் அவியல் செய்கிறேன் என்றேன். அவியலில் ஏழு காய் ஒன்றாகப் போய்விடுமே, பிறகு மற்ற ஆறு பேர் என்ன செய்வது என்று கேட்டுச் சிரித்தார்கள், நியாயமான கேள்விதான். கூட்டு என்றேன், அது பருப்பு, பருப்பு ஏற்கெனவே இருக்கிறது. கடைசியில் வாழைக்காய் என் பங்காக வந்தது. எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது, ஏனென்றால் வாழைக்காய்ப் பொடிமாஸ் என் கைக்கு வந்த கலை. மாமியார் இருந்த காலத்தில் அவரே எழுந்து வந்து இன்னொரு கரண்டி போட்டுக்கொண்ட ஒரே வெஞ்சனம் அது. காயைத் தோலோடு முக்கால் வேக்காடாக வேகவைத்து, ஆறவிட்டு, தோலை உரித்து, துருவியில் துருவ வேண்டும்; முழுக்க வெந்துவிட்டால் களியாகிவிடும். கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, துருவலைக் கொட்டி, கிண்டாமல் குலுக்கி, இறக்கும்போது தேங்காய்ப்பூவும் எலுமிச்சைச் சாறும். இருபத்து நான்கு பேருக்குப் பதினெட்டுக் காய் வாங்கினேன். கறையில் இரண்டு நாள் என் விரல்கள் கறுத்திருந்தன.

அன்று மாலை ரோஸ் ஹில்லில் சம்பந்தி வீட்டு முற்றத்தில் விளக்கு வரிசையாக ஏற்றி முடித்ததும் இலை போட்டார்கள். சோறு நடுவில், கறிகள் அதைச் சுற்றி. என் பொடிமாஸ் வெள்ளை வெளேரென்று, பொலபொலவென்று, இலையின் ஓரத்தில் விழுந்தது. அதைச் சோற்றில் எப்படிப் பிசைவது என்று தெரியாமல் சிலர் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மருமகளின் பெரியப்பா, எண்பது வயதுக்காரர், அது பாயசத்துக்கான தேங்காய்ப்பூ என்று முடிவு செய்து, முழுவதையும் எடுத்துப் பாயசத்தில் போட்டுக் கலக்கி, ஒரு வாய் குடித்து, கடுகையும் பச்சைமிளகாயையும் கண்டு விழித்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். ஆனால் அதற்குள் சம்பந்தியம்மாள் சத்தமில்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டிருந்தார். கால்மணி நேரத்தில் ஒரு சட்டியோடு திரும்பி வந்து இலை இலையாக ஒவ்வொரு கரண்டி ஊற்றினார். உருளைக்கிழங்குக் கறி. மருமகளிடம் எதற்கு என்று கேட்டேன். அவள் தயங்கி, "அத்தை, மன்னியுங்கள், ஆறுதான் இருந்தது" என்றாள்.

பாயசத்தில் விழுந்ததற்குக்கூட நான் வருந்தவில்லை. எண்ணிக்கையில் வராமல் போனதுதான் மூன்று வருடமாக என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. ஆறேழு தலைமுறைக்கு முன் தமிழ் மண்ணை விட்டு வந்தவர்களின் பேத்தி, மூன்று மாதத்துக்கு முன் அந்த மண்ணிலிருந்து வந்த என் சமையலைப் பார்த்து, இது தமிழர் விருந்தில் சேராது என்று தீர்ப்பளித்துவிட்டார். கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. அவர் ஒரு சொல்லும் தவறாகப் பேசவில்லை. ஆறை ஏழாக்கினார், அவ்வளவுதான்.

வரிசை, எண்ணிக்கை என்பவற்றில் இவர்கள் இத்தனை கவனமாக இருப்பதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது பிறகுதான் எனக்குப் புரியத் தொடங்கியது. இந்த நாட்டு ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் வெளியான புதிய தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்டுவிட்டார்கள். தமிழர்கள் கிளர்ந்தெழ, அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசை மீண்டும் வந்தது. என் சம்பந்தி அதைச் சொல்லும்போது ஒரு தாளை எடுத்து விரித்து, விரலை வைத்துக் காட்டினார். பேச்சு மொழி கையைவிட்டுப் போய்விட்ட வீட்டில், தாளில் இரண்டு வரியும் இலையில் ஏழு கறியும்தான் பிடித்துக்கொள்ள மிஞ்சியவை போலும். எனக்கு அந்தக் கவலை இருந்ததில்லை; மதுரையில் ஒருவேளைச் சாப்பாட்டில் இரண்டு வெஞ்சனம் குறைந்தால் யாரும் தமிழர் அல்லாமல் போய்விடுவதில்லை.

மொழி முழுவதும் போய்விட்டது என்று சொல்வதும் சரியில்லை. அது காய்கறிக் கடைக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. இங்கே பசார் என்று சொல்லும் சந்தையில் முதல் தடவை நடந்தபோது, கிரியோலில் கூவிக்கொண்டிருந்த ஒரு கடைக்காரர் வாயிலிருந்து "கொத்தோமிலி" என்று வரவே நான் நின்றுவிட்டேன். கறிவேப்பிலைக்குக் "கரிபூலே". முருங்கைக்கீரைக்கு "ப்ரேட் முரூம்", பீர்க்கங்காய்க்குப் "பிப்பங்காய்", ரசத்துக்கு "ராசோன்". தமிழே தெரியாத சீனக் கடைக்காரரும் கொத்தோமிலி என்றுதான் கேட்கிறார். அன்று தேவைக்கு அதிகமாக நான்கு கட்டு வாங்கி வந்தேன். அந்தச் சொல்லை மறுபடி மறுபடி சொல்ல வைக்கத்தான்.

இந்த வருடத் திட்டத்தில் நான் ஓரளவு தேறிவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். சம்பந்தியம்மாள் தாளில் கோடு போட்டு எழுதுவார்: எது முதல் நாளே செய்து வைத்தாலும் கெடாது, எது இலை போடுவதற்கு அரைமணி முன்புதான் இறக்க வேண்டும், அடுப்பு நான்கில் எது எப்போது ஏறும் என்று. மொச்சையை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். பலாக்காயை வெட்டித் தருமாறு கடைக்காரரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி வைப்பார். அந்தப் பிசினோடு வீட்டில் மல்லுக்கட்ட அவருக்கு இப்போது கை வலி. பூசணி இனிக்கும், ஆகையால் அதன் பக்கத்தில் புளிப்புள்ளது வர வேண்டும். கத்தரிக்காயும் மொச்சையும் இரண்டும் குழைந்து நிறத்தில் ஒன்றுபோல் ஆகிவிடும், ஆகையால் அடுத்தடுத்து விழக் கூடாது. இந்த நுணுக்கத்தைக் கேட்கும்போது, இவரை எங்கள் ஊர்க் கல்யாணப் பந்திக்கு மேற்பார்வை பார்க்க விட்டிருக்கலாமே என்று தோன்றும். வாழைக்காய்க்கு எதிரே என் பெயர் இருக்கிறது. சென்ற வருடமும் இந்த வருடமும் அவர் சொன்னபடியே வட்டமாக அரிந்து, மசாலைத் தூளும் புளியும் விட்டுச் சாறோடு இறக்கினேன். கணக்கில் ஏழாவதாக வந்தது. அண்டை வீட்டாரிடம் "கி மான்யேர்" என்று நலம் கேட்கவும், பண்டிகைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு தெருவெங்கும், எந்த மதத்தவர் வீடானாலும், கதவைத் தட்டிக் கொடுக்கவும் பழகிவிட்டேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரிக்கும் "காத்தோ பதாத்" எனக்கு நம் சோமாசைவிடப் பிடித்துப்போயிற்று. குடியேறிவிட்டேன்.

என்றாலும் தீபாவளியன்று விடியற்காலை நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இங்கே தீபாவளி மாலையில்தான் தொடங்கும். விடியலில் வீடு முழுவதும் உறங்கிக்கொண்டிருக்கும். அக்டோபர் இந்தத் தீவில் ஆண்டிலேயே மழை குறைந்த மாதம் என்பதால் வெளியே காற்றின் ஓசை மட்டும் கேட்கும். ஐப்பசி அடைமழையில் நனைந்த வெடியை அடுப்படியில் காயவைத்தது, உச்சந்தலையில் அம்மா வைத்த நல்லெண்ணெய் சூடாகக் காதோரம் வழிந்தது, அப்பா கறிக்கடை வரிசையில் குடையோடு நின்று, நெஞ்செலும்பு தீருவதற்குள் வாங்கிவிட்ட வெற்றியோடு வந்தது, "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று தெருவே ஒருவரையொருவர் விசாரித்தது என்று ஒவ்வொன்றாக வரும். என் கணவர் முதல் இட்லியைக் குழம்பில் முழுக்க மூழ்கடித்துவிட்டு, இரண்டாவதைத்தான் பிட்டுச் சாப்பிடுவார். மருமகளுக்கு வாங்கி வைத்திருந்த நல்லெண்ணெய்க் குப்பியை எடுத்து என் தலையில் நானே ஒரு கை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் குளித்துவிட்டு வந்து, மொச்சை ஊறிவிட்டதா என்று பார்த்தேன்.

இந்த வருடம் தீபாவளி கழிந்த ஞாயிறன்று சம்பந்தியம்மாள் அழைத்தார். சனிக்கிழமையே இட்லி மாவு அரைத்துக் கொண்டுவர முடியுமா என்று மருமகள் வழியாகக் கேட்டிருந்தார், எதற்கென்று சொல்லவில்லை. போய்ச் சேர்ந்தபோது வாசலிலேயே மணம் தெரிந்தது. வெள்ளாட்டுக் கறி. விரதமெல்லாம் முடிந்துவிட்டது, இன்று உங்கள் தீபாவளி என்று தமிழில் சொன்னார். அந்த வாக்கியத்தை மகளிடம் கேட்டு ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். இந்த நாட்டுச் சமையலில் எதிலும் தைம் என்ற வாசனைத் தழை கொஞ்சம் விழும். குழம்பிலும் விழுந்திருந்தது. முதல் இட்லியை மூழ்கடித்தேன். இரண்டாவதைப் பிட்டபோது விரலில் அகப்பட்ட தைம் குச்சியை, கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோலத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, இன்னொரு கரண்டி குழம்புக்குத் தட்டை நீட்டினேன்.