வாஷிங்டனின் தேர்தல் கடிதத்தைக் கையெழுத்திலிருந்தே படியெடுத்த அனுபவம்

ஜார்ஜ் வாஷிங்டன் 1758 ஜூலை இறுதியில் ஜேம்ஸ் வுட் என்பவருக்கு எழுதிய நன்றிக் கடிதத்தை, அச்சுப் பிரதியைப் பார்க்காமல், கையெழுத்தின் படத்திலிருந்தே முழுமையாகப் படியெடுக்க வேண்டும் என்று முடிவு செய்தபோது, அது ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் வேலை என்றுதான் எண்ணினேன். ஆங்கிலம் எனக்கு அன்றாடம் புழங்கும் மொழி, கடிதமும் நீளமானதன்று. ஆயினும் கடைசிச் சொல்லை உறுதி செய்ய ஒன்பது நாட்கள் ஆயின.

வாஷிங்டனுக்கு அப்போது வயது 26. வர்ஜீனியா குடியேற்றத்தின் சட்டமன்றமான பர்ஜசஸ் அவைக்கு, ஃபிரெடரிக் கவுண்டி என்ற மாவட்டத்திலிருந்து அவர் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். 1755-இல் அதே கவுண்டியில் 40 வாக்குகள் மட்டுமே பெற்றுத் தோற்றவர், இம்முறை 300-க்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று முதலிடத்தில் வந்தார். ஜூலை 24 அன்று வின்செஸ்டர் நகரில் வாக்குப்பதிவு நடந்தபோது அவர் ஊரில் இல்லை. பிரெஞ்சுக்காரர்களின் டுகேன் கோட்டையை நோக்கிய படையெடுப்புக்காகக் கம்பர்லண்ட் கோட்டையில் இருந்தார். அவருடைய மேலதிகாரி கர்னல் ஹென்றி பூக்கே விடுப்பு தரத் தயாராக இருந்தும் அவர் வரவில்லை. அவருக்குப் பதிலாக வாக்குச்சாவடியில் இருந்தவர்தான் வின்செஸ்டர் நகரத்தை நிறுவிய ஜேம்ஸ் வுட்.

முதலில் நான் செய்தது, கடிதத்தை வாசிக்காமல் எழுத்துகளை மட்டும் பார்த்ததுதான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வாஷிங்டனின் ஆவணங்களைப் படங்களாக இணையத்தில் வைத்திருக்கிறது. அக்காலத்தைச் சேர்ந்த அவருடைய வேறு சில கடிதங்களைத் திறந்து, தேதி, ஊர்ப்பெயர், விளிச்சொல், கையொப்பம் போன்ற, ஐயத்துக்கு இடமில்லாத சொற்களிலிருந்து ஒவ்வோர் எழுத்தையும் பிரித்து ஒரு நோட்டில் வரைந்துகொண்டேன். இரண்டு மாலைகளை இதற்கே செலவிட்டேன்; அது வீணாகவில்லை. இரண்டு ‘எஸ்’ சேர்ந்து வரும் இடங்களில் முதல் ‘எஸ்’ நெடிதாக நீண்டு ‘எஃப்’ போலத் தோன்றும் என்று படித்திருந்தேன். ஆனால் படித்து அறிவது வேறு, கண் பழகுவது வேறு. ‘அஷ்யூர்ட்’ என்ற சொல்லை முதலில் ‘அப்சர்ட்’ என்றே எழுதி வைத்திருந்தேன். நெடிய ‘எஸ்’ என் கண்ணுக்கு ‘பி’ (b) ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, சொல்லின் கடைசி எழுத்துக்கு முன் வரவேண்டிய ‘ஈ’ எழுத்தை அவர் விட்டுவிட்டு எழுதியிருந்தார். ‘என் நன்றி உமக்கு உண்டு என்று உறுதியாக நம்பும்’ என்ற வரி, என் படியில் நன்றியையே அபத்தம் என்று சொல்வதாக நின்றது.

பிழைகளைத் திருத்தி எழுதுவதில்லை, தெரியாத சொல்லை ஊகத்தால் நிரப்புவதில்லை என்ற இரண்டு விதிகளை அப்போதுதான் எனக்கு நானே வகுத்துக்கொண்டேன். ஐயமான இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு மேலே செல்வேன்.

இருந்தும் மிகப் பெரிய பிழை, ஐயமே எழாத ஓர் இடத்தில் நேர்ந்தது. வாக்காளர்களை உபசரித்த செலவைப் பற்றிய வரி அது. ‘நீங்கள் மிகவும் தாராளமான கையால் செலவிட்டிருப்பீர்களோ என்பதே என் ஒரே அச்சம்’ என்று வாசித்தேன். பொருள் தடையின்றிப் பொருந்தியது. அந்தத் தேர்தலில் ஏறத்தாழ 160 கேலன் மது வாங்கப்பட்டது என்பதும், கணக்கு 39 பவுண்டு 6 ஷில்லிங்கை எட்டியது என்பதும் எனக்கு முன்பே தெரியும். 40 கேலன் ரம் பஞ்ச், கேலன் 3 ஷில்லிங் 6 பென்ஸ் வீதம் 7 பவுண்டு என்று தொடங்கும் பட்டியல் அது. அவ்வளவு செலவுக்கு வேட்பாளர் அஞ்சியதில் வியப்பென்ன என்று எண்ணி, இரண்டு நாட்கள் அந்த வரியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பிறகு முழுப் படியையும் உரக்க வாசித்தபோதுதான் இடித்தது. அதற்கு முந்தைய பகுதியில் அவர் சொல்வது இது: எனக்கு எதிராக வாக்களித்தவர் எவரையும் ஒதுக்கியிருக்க மாட்டீர்கள், எல்லோரையும் ஒன்றுபோல உபசரித்திருப்பீர்கள், எல்லோருக்கும் போதுமான அளவு கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன், அதுவே என் பெருவிருப்பம். இப்படி எழுதியவர் அடுத்த மூச்சிலேயே செலவு மிகுந்துவிட்டதோ என்று கவலைப்படுவாரா? படத்தை மீண்டும் பெரிதாக்கினேன். ‘ஷேரிங்’ (பகிர்ந்தளிக்கும்) என்று நான் கொண்ட சொல்லின் இரண்டாம் எழுத்துக்கு மேலே உயர்ந்த ஒரு தண்டு இருந்தது. அதனால் அதை ‘எச்’ என்று எடுத்திருந்தேன். ஆனால் அதே வாக்கியத்தில், நான்கு சொற்களுக்குள்ளேயே, ‘ஸ்பென்ட்’ (செலவிட்டீர்கள்) என்ற சொல்லும் இருக்கிறது. அதை வேறு எதுவாகவும் வாசிக்க முடியாது. இரண்டின் முதலிரண்டு எழுத்துகளையும் வெட்டி எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தேன். அதே உயர்ந்த தண்டு, கீழே அதே இறக்கம். அது ‘பி’ (p). சொல் ‘ஸ்பேரிங்’, அதாவது சிக்கனமான. கை மிகவும் இறுகிவிட்டதோ என்பதுதான் அவருடைய அச்சம். ஒரே எழுத்தில் வாக்கியம் தலைகீழாக மாறியது.

எதிர்த்து வாக்களித்தவர்கள் யார் என்று எப்படித் தெரியும் என்ற கேள்வி அதன் பின்னர்தான் எனக்கு எழுந்தது. உண்மையில் அதுதான் இந்தக் கடிதத்தின் உயிர்நாடி. அன்றைய வர்ஜீனியாவில் வாக்குச்சீட்டு இல்லை. நிலவுடைமை கொண்ட ஆண்கள் ஒவ்வொருவராக ஷெரிஃபின் முன் வந்து, தாம் ஆதரிப்பவரின் பெயரைக் கூட்டத்தின் நடுவே வாய்விட்டுச் சொல்ல, அது எழுதிக்கொள்ளப்படும். தோற்ற வேட்பாளர்களான ஹியூ வெஸ்டுக்கு 199 வாக்குகளும் தாமஸ் ஸ்வேரிங்கனுக்கு 45 வாக்குகளும் யார் யார் அளித்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். அந்த முகங்களையும் ஒரே பந்தியில் அமர்த்த வேண்டும் என்று அவர் எழுதியிருப்பதைச் சொல்லாசாரமாக மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. வாக்குக்காக மது வழங்குவதைச் சட்டம் தடுத்திருந்தது, வழக்கம் அதை மீறியிருந்தது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

எஞ்சியிருந்தது ஒரு கோடு. போர் நிலவரம் குறித்து, எல்லாவற்றிலும் பின்தங்கலே தெரிகிறது, குளிர்காலத்தின் வருகையைத் தவிர என்று அவர் எழுதுகிறார். ‘பின்தங்கல்’ என்பதற்கு அவர் எழுதிய ‘பேக்வர்ட்னெஸ்’ என்ற சொல்லின் இறுதியிலும் நெடிய ‘எஸ்’ வந்தது. இம்முறை கண் தடுமாறவில்லை. அதையடுத்து, குளிர்காலம் மட்டும் விரைந்து நடைபோடுகிறது என்கிறார். அந்த ‘ஜாக்ஸ்’ என்ற வினைச்சொல்லை அவர் இரண்டு ‘ஜி’ இட்டு எழுதியிருந்ததால், ஏதோ ஓர் ஊர்ப்பெயர் என்று நினைத்துக் கோடு போட்டிருந்தேன். ஒன்பதாம் நாள் இரவு அதையும் அவர் எழுதியவாறே, இரண்டு ‘ஜி’ உடன், நிரப்பிவிட்டு, அதன் பிறகே அமெரிக்காவை நிறுவிய தலைவர்களின் ஆவணங்களைத் தரும் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்திலுள்ள அச்சுப் பாடத்தைத் திறந்து வரிக்கு வரி ஒப்பிடத் தொடங்கினேன்.