சேலத்து உப்புத் தண்ணியும் பூடில் குட்டியின் சுருட்டை முடியும்

இப்போது சீப்பு வேரிலிருந்து நுனி வரை எங்கும் நிற்காமல் ஓடுகிறது. காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப்பட்டை உரசும் இடத்தில்கூடச் சிக்கு இல்லை. டாய் பூடில் குட்டி, பெயர் சுருளி, நாலாவது மாதம் நடக்கிறது. "என்ன ஷாம்பு போட்டீங்க?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. ஷாம்புவுக்குப் பத்தில் இரண்டு மார்க் தரலாம். மீதி எட்டும் தண்ணீருக்கும் முடி உலர்த்தும் ப்ளோயருக்கும்.

ஆனாலும் ஷாம்புவைச் சொல்லிவிடுகிறேன். நாய்த் தோலின் பிஎச் (அமில-கார அளவு) நம்முடையதைவிட நடுநிலைக்குப் பக்கத்தில் இருப்பதால், குழந்தை ஷாம்புவும் வேண்டாம், நாம் போடுவதும் வேண்டாம். நாய்க்கென்றே வரும் மிதமான பப்பி ஷாம்பு போதும். லேபிளில் டெசைல் குளுக்கோசைடு, கோகமிடோபுரொபைல் பீட்டெய்ன் மாதிரி மிதமான நுரைப்பொருள்களின் பெயர்கள் முன்வரிசையில் இருந்தால் நல்லது. டீ ட்ரீ எண்ணெய் இருந்தால் பாட்டிலைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள், நாய்க்கு அது நஞ்சு. குளோர்ஹெக்சிடின், கீட்டோகோனசோல் மாதிரி கிருமி, பூஞ்சை மருந்து கலந்த ஷாம்பு, டாக்டர் சொன்னால் மட்டும். வீட்டுப் பெரியவர்கள் கட்டாயம் அரப்பையும் சீயக்காயையும் சிபாரிசு செய்வார்கள். தூள் சுருளுக்குள் புகுந்து வேரில் தங்கிவிடும், அலசினாலும் வராது, கண்ணில் பட்டால் எரியும். குளித்ததும் சாம்பிராணி காட்டுவதும் குட்டியின் மூக்குக்கு ஆகாது. தேங்காய் எண்ணெயில் முடி மினுங்கும், சாயங்காலத்துக்குள் தெருப்புழுதி மொத்தமும் அதில் ஒட்டியிருக்கும்.

கலக்கும் அளவு முக்கியம். 1:10 என்று போட்டிருந்தால் 30 மி.லி. ஷாம்புவுக்கு 300 மி.லி. தண்ணீர். இந்தச் சைஸ் குட்டிக்கு அது தாராளம். கெட்டியாக ஊற்றினால் மேல்முடி நுரைக்கும், வேருக்கு இறங்காது, அலசவும் முடியாது. ஓட்டலில் சாஸ் வைக்கும் மூக்கு பாட்டில் இதற்கு அருமை. செவ்வாய்ப்பேட்டை பக்கம் பிளாஸ்டிக் கடைகளில் கேளுங்கள், நாய்க்கடை விலை கொடுக்க வேண்டாம். கலந்ததில் மீதி இருந்தால் அன்றே கொட்டிவிட வேண்டும். தண்ணீர் சேர்ந்ததும் பிரிசர்வேட்டிவ் வலுவிழந்து பாக்டீரியா வளரும். அடுத்த குளியலில் அதே கலவை முடிக்கால் வழியாக உள்ளே போனால் வலியோடு கொப்புளம் கிளம்பும்.

தண்ணீர்தான் சேலத்தில் பெரிய தலைவலி. கருப்பூர், வெள்ளக்கல்பட்டி பக்கம் மேக்னசைட் (மெக்னீசியம் தாது) பூமி, போர் தண்ணியில் மெக்னீசியம் தூக்கலாக இருக்கும். அதில் அலசிய முடி சொரசொரப்பாகி ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். நேரான முடியில் இது தெரியாது, சுருட்டையில் நாலே நாளில் சடை. அதனால் முதல் அலசல் போர் தண்ணியில், கடைசி இரண்டு பக்கெட் காவேரித் தண்ணியில், வெதுவெதுப்பாக. கண்டிஷனரைக் கலப்பதும் அந்த நல்ல தண்ணியில்தான். ஆர்.ஓ. மெஷின் வெளியே விடும் தண்ணீரைச் சேமித்துக் குளிப்பாட்டுபவர்கள் கவனிக்க: உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

குளிப்பாட்டும் முன் சிக்கெடுத்திருக்க வேண்டும், நனைந்த சிக்கு இறுகும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் கோட்டை விடுவது உலர்த்தும்போது.

துண்டால் தேய்க்கக் கூடாது, அமுக்கி ஈரத்தை எடுக்க வேண்டும். பிறகு சின்னப் பகுதி முடியை மட்டும் வெளியே விட்டு, மீதி உடம்பை ஈரத்துண்டில் சுற்றியே வைக்க வேண்டும். காரணம், காற்றில் தானாகக் காயும் முடி சுருண்டபடியே இறுகிவிடும், உள்ளே இருக்கும் சிறு முடிச்சு வெளியே தெரியாது. ப்ளோயர் காற்று தோலில் படும் இடத்தைப் பாருங்கள்: முடி வட்டமாகப் பிரிந்து, நடுவில் இளஞ்சிவப்பாகத் தோல் தெரியும். ஸ்லிக்கர் (மெல்லிய கம்பிப்பல் பிரஷ்) வேலை செய்ய வேண்டியது அந்த வட்டத்தில்தான், அழுத்தாமல், சின்னச் சின்ன இழுப்பாக, சுருள் நிமிர்ந்து பஞ்சாகும் வரை. அழுத்தினால் தோல் சிராய்த்துவிடும். எவ்வளவு அழுத்தம் என்பதை முதலில் உங்கள் முன்கையில் இழுத்துப் பாருங்கள். வட்டம் முழுக்க நிமிர்ந்ததும் இரும்புச் சீப்பின் அகலப்பல், அடுத்து நெருக்கப்பல். இரண்டும் நிற்காமல் போனால்தான் அடுத்த வட்டம். இடையில் ஒரு பகுதி காய்ந்து சுருண்டுவிட்டால் தண்ணீர் ஸ்ப்ரே செய்து மறுபடி முதலிலிருந்து. சலிப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது.

குட்டிக்கு ப்ளோயரை, அதன் முனைக்குழாயைக் கழற்றிவிட்டு, குறைந்த வேகத்தில், வாலிலிருந்து முன்னோக்கிப் பழக்குங்கள். முகத்துக்கும் காதுக்கும் காட்டவே கூடாது, அங்கே துண்டும் சீப்பும் போதும். நம் தலைக்குப் போடும் டிரையர்தான் இருக்கிறதென்றால் குளிர்காற்றில் வைத்து, உங்கள் கையைக் காற்றின் குறுக்கே விட்டுக்கொண்டே காட்டுங்கள். கை சுட்டால் குட்டிக்கும் சுடும்.

ஏற்காட்டில் வளர்ப்பவர்கள் பாடு வேறு. பனிமூட்டத்தில் முடி தானாகக் காயவே காயாது. வேரில் ஈரம் நின்றால் புழுங்கல் வாடை, தொங்கும் காதுக்குள் ஈஸ்ட் பூஞ்சை. காப்பித் தோட்டத்துக்குள் ஓடிவிட்டு வந்தால் உண்ணியும் நாயுருவி விதையும் சேர்ந்தே வரும், விரல் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள். உண்ணி ஷாம்பு குட்டிக்கு வேண்டாம். அலசியதும் அதன் வேலை முடிந்துவிடும். எடைக்கேற்ற மருந்தை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து முகம், பாதம், பின்புறம் டிரிம். தடுப்பூசி முழுதாக முடியாமல் சலூனுக்குக் கூட்டிப் போனால் பார்வோ வைரஸ் தொற்றும் பயம், அதனால் வீட்டிலேயே. கிளிப்பர் வாங்குவதானால் ஏ5 என்ற கழற்றி மாட்டும் வகை பிளேடு போடும் மாடலாகப் பாருங்கள், ஆண்டிஸ், ஆஸ்டர் கம்பெனி பிளேடுகள் மாற்றி மாட்டலாம். பிளேடு பிரிக்க முடியாத மலிவு மெஷின்கள் சுருட்டை முடியில் திணறி முடியைக் கடித்து இழுக்கும், அதன் பிறகு குட்டி சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில். இப்போதைக்கு ஓடும் கிளிப்பரின் முதுகுப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்து எடுப்பது, ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுப்பது, அவ்வளவுதான் நடக்கிறது. 10ஆம் நம்பர் பிளேடு ஆர்டரில் இருக்கிறது. இன்னும் ஒட்ட வெட்டும் 30ஆம் நம்பர் பிளேடு பாதத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் ஆடும் குட்டியிடம் இப்போது வேண்டாம். எட்டு மாதத்துக்கு மேல் குட்டிமுடி போய்ப் பெரிய முடி வரும்போது தினமும் சடை பிடிக்கும், அப்போது ஏழெட்டு மில்லிமீட்டருக்கு மொத்தமாக வெட்டிவிடும் யோசனையும் இருக்கிறது. காதுக்குள் வளரும் முடியைப் பிடுங்குவதா விடுவதா என்பதை டாக்டர் காதைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தொடணும்.