கரையில் கிடக்கும் கறுப்பு வரி

அலை வலுத்து ஓய்ந்த மறுநாள் காலையில் மன்னார் வளைகுடாக் கரையில் நடந்தால், சில இடங்களில் வெளிர் மணலுக்கு நடுவே கறுப்பு வரி ஓடும். தாது மணல். பார்த்ததும் எரிமலை நினைவுக்கு வரும். ஆனால் பூமியின் மேற்பரப்பு பிரிந்திருக்கும் பெரும் பாறைத் தட்டுகளில் எதன் விளிம்பிலும் இந்தக் கரை இல்லை.

பூமிக்குள் நெருப்புக் கடல் தளும்புகிறது என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை உள்ள மேன்டில் திடப் பாறைதான். 1,300 டிகிரி சூட்டிலும் அழுத்தம் அதை உருக விடாது. தட்டுகள் விலகும் நடுக்கடல் முகடுகளில் பாறை மேலேறி, அழுத்தம் தளர்ந்து உருகும். சில இடங்களில் கீழிருந்து வரும் சூட்டில் கண்டத்தின் மேலோடே உருகும். மூன்றாவது வழி தண்ணீர். தாது உருவாக இதுவே பெரிய காரணம் என்பேன்.

அந்தமானுக்கு அடியில் நம் தட்டின் கடல்தரை சரிந்து இறங்குகிறது. அதன் படிகங்களுக்குள் நீர் கட்டுண்டிருக்கிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் அது பிரிந்து மேலுள்ள மேன்டிலுக்குள் ஏறும். மீன் பெட்டி ஐஸில் உப்பு விழுந்தால் சட்டென்று இளகுமே, அதே கதைதான்: உருகுநிலை சில நூறு டிகிரி இறங்கி, மாக்மா எனும் பாறைக் குழம்பு பிறக்கிறது. நெடுங்காலம் உறங்கிய, அந்தமானின் பேரன் (Barren) தீவு எரிமலை 1991-ல் மறுபடி வெடித்தது இதனால்தான்.

மாக்மா பிறந்தால் மட்டும் தாது கிடைக்காது. ஒரு டன் சாதாரண மேலோட்டுப் பாறையில் செம்பு சில பத்து கிராம்தான். வெட்டி எடுக்க ஏறக்குறைய 5 கிலோ வேண்டும். ஈரமான மாக்மா சில கி.மீ. ஆழத்தில் தங்கி மெல்ல உறைய வேண்டும். படிகங்கள் ஏற்காத நீர், உப்பும் செம்பும் கரைந்த சூடான திரவமாகப் பிரிந்து, பாறையை விரிசலிட்டு ஏறி, ஆறும்போது செம்பைக் கந்தகத்தோடு சேர்த்து இறக்கும். கெடுவதற்கும் வழிகள் உண்டு. எரிமலையாக முன்பே வெடித்துவிட்டால் நீரும் கந்தகமும் காற்றோடு போய்விடும். கந்தகம் ஆழத்திலேயே பிரிந்தால் செம்பும் அதோடு அங்கேயே தங்கிவிடும்.

நம் கறுப்பு வரிக்கு வேறு பிறப்பு. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்துண்டுகள் மோதியபோது மதுரைப் பக்கத்துப் பாறைகள் ஆழத்தில் அமுங்கி, 800 டிகிரிக்கும் மேல் வெந்தன. கார்னெட் என்ற கனிமம் அப்போது விளைந்தது. இலங்கையும் அன்று நம்மோடு ஒட்டியிருந்தது. பிற்காலத்தில் அந்தப் பாறைகள் வெளியே வந்து தேய, குண்டாறு போன்ற ஆறுகள் மணலைக் கடலுக்கு இறக்கின. மீதி வேலை அலையுடையது. வெளிர் மணலான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, கார்னெட் ஏறக்குறைய 4, கறுப்புக் கனிமமான இல்மனைட் 4.7. லேசானதை அலை இழுத்துப்போக, கனமானது வரியாகத் தங்கும்.

சோதிக்க ஒரு பிடி போதும். சிரட்டையில் அள்ளி, கடல்நீரில் சுழற்றி, மேலே கலங்கி வரும் லேசான மணலைச் சாய்த்து ஊற்றுங்கள். அடியில் தங்கியதை நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரமணல் ஒன்றோடொன்று ஒட்டிக் குழப்பும். காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றுங்கள், இல்லையென்றால் ஒட்டிய தூளைப் பிரிக்கவே முடியாது. சாதாரணக் காந்தத்துக்கு மேக்னடைட் என்ற இரும்புத் தாது துள்ளி வரும். இல்மனைட்டுக்கு வலுவான நியோடிமியம் காந்தம் வேண்டும். இளஞ்சிவப்புக் கார்னெட் அதற்கும் தயங்கித்தான் வரும். நிறமில்லாமல் மினுங்கும் சிர்க்கான் அசையாது. தாது மணலில், கதிர்வீச்சு தரும் தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமமும் இருக்கலாம். அதனால் வீட்டில் சேர்த்துவைக்காமல், பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே கொட்டிவிடுங்கள்.