அடைப்புக்குறிக்குள் ஒரு பூஜ்யம்

இணையத்தில் என் ஏலம் முடிந்ததும் நான் முதலில் பார்ப்பது பொருள் எவ்வளவுக்குப் போயிற்று என்பதை அல்ல. வென்றவரின் பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் இருக்கும் பின்னூட்ட எண்ணைத்தான், அதாவது அவரோடு வியாபாரம் செய்தவர்கள் இட்ட மதிப்பீட்டுப் புள்ளிகளின் கூட்டைத்தான். அன்றிரவு அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தது. கணக்கு தொடங்கி மூன்று நாட்கள்தான் ஆகியிருந்தன. விற்றது ஒரு பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸ். அதன் முன்கண்ணாடியின் ஓரத்தில் நூலிழை போலப் பூஞ்சை படர்ந்திருப்பதை விவரத்தில் எழுதி, விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து எடுத்த படத்தையும் சேர்த்திருந்தேன். அந்தப் புதியவர் கடைசிப் பத்து நிமிடங்களில் ஏழு முறை ஏலம் கேட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய தொகையையே கூட்டுவார், வேறொருவர் முந்தியதும் மறுபடியும் அதே அளவு கூட்டுவார்.

பயன்படுத்திய கேமராக்களையும் லென்ஸ்களையும் இணையத்தில் விற்பதை நான் பல ஆண்டுகளாகப் பக்கத் தொழிலாகச் செய்துவருகிறேன். இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் பூஜ்யத்தைக் கண்டால் சொல்லும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: ரத்து செய்துவிட்டு, இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுத்துவிடு. நானும் ரத்து செய்யும் பொத்தான் வரை போனேன். என்னைத் தடுத்தது அந்த ஏழு முறை ஏலம்தான். ஏலத் தளங்களில் தான் கொடுக்கத் தயாரான உச்சத் தொகையை ஒரே முறை பதிந்துவிட்டால் போதும், தேவைப்படும்போது தேவைப்படும் அளவுக்கு மட்டும் தளமே விலையை ஏற்றிக்கொள்ளும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். அதை அறியாமல் படிப்படியாக ஏறுபவர் புதியவர். அதே நேரத்தில், ஒவ்வொரு படியிலும் தன் பணத்தை எண்ணிப் பார்ப்பவர். திருடிய கடன் அட்டையை வைத்துக்கொண்டு வருபவருக்கு அப்படி எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது?

ரத்து செய்யாமல் இரண்டு வரியில் ஒரு செய்தி அனுப்பினேன். வாங்கியதற்கு நன்றி சொல்லி, பூஞ்சையைப் பற்றிய குறிப்பைப் படித்தீர்களா என்று மட்டும் கேட்டேன். மறுநாள் காலையில் நீண்ட பதில் வந்தது. அந்த இழை படத்தில் நிழலாக விழுமா, லென்ஸில் ஒளி புகும் துளையைச் சிறிதாக்கினால் கூடுதலாகத் தெரியுமா, சுத்தம் செய்தால் கண்ணாடியின் மேற்பூச்சு போய்விடுமா என்று கேட்டுவிட்டு, பணம் கட்டுவதற்கு நான் ஏதாவது அனுப்ப வேண்டுமா, அதற்காகத்தான் காத்திருக்கிறேன் என்று முடித்திருந்தார். பணம் கட்டாமல் இருந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். மூன்றாம் நாள் பணம் வந்தது, நான்காம் நாள் லென்ஸ் போயிற்று. சேர்ந்த பிறகு அவர் எனக்கு இட்ட பின்னூட்டம் முழுவதும் பாராட்டு. ஆனால் 'நடுநிலை' என்ற பொத்தானை அழுத்தி அதை அனுப்பியிருந்தார். மாற்றித் தரும்படி வேண்டுகோள் அனுப்பியபோது பதறிப்போய் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார்.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால், அதற்கு நாம் கொடுக்கும் மரியாதையில் ஒரு பகுதி காலாவதியாகிவிட்டது என்பது விளங்கும். பியர் ஒமிடியார் 1995 செப்டம்பரில் 'ஆக்‌ஷன்வெப்' என்ற பெயரில் தொடங்கிய ஏலத் தளம்தான் பின்னாளில் ஈபே ஆயிற்று. அங்கே முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் சுட்டி, விலை 14.83 டாலர். முகம் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் நம்புவதற்கு ஏதாவது வேண்டுமே என்று 1996 பிப்ரவரியில் பின்னூட்ட முறை வந்தது. நல்லதென்றால் ஒரு புள்ளி கூடும், கெட்டதென்றால் ஒரு புள்ளி குறையும், நடுநிலை என்றால் மாற்றமில்லை. பத்துப் புள்ளி சேர்ந்தால் மஞ்சள் நட்சத்திரம். விற்பவர் வாங்குபவரையும், வாங்குபவர் விற்பவரையும் மதிப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் வாங்குபவரின் எண் உண்மையாகவே எதையோ சொல்லியது.

2008 மே மாதத்தில் அது மாறியது. வாங்குபவர் குறை எழுதினால் விற்பவர் பழிக்குப் பழியாகக் குறை எழுதுகிறார், அந்தப் பயத்தில் வாங்குபவர்கள் உண்மையைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று காரணம் காட்டி, விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறையாகவோ நடுநிலையாகவோ பின்னூட்டம் இட முடியாது என்று ஈபே விதி செய்தது. அறிவிப்பு வந்தவுடன், அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே, விற்பவர்களில் பலர் பொருள்களைப் பட்டியலிடாமல் புறக்கணிப்பு நடத்தினார்கள். காரணம் நியாயமானதுதான் என்பது என் எண்ணம். ஆனால் அதன் விளைவாக வாங்குபவரின் எண்ணில் நல்லது மட்டுமே ஏற முடியும் என்றாகிவிட்டது. ஐந்நூறு புள்ளி வைத்திருப்பவர் குறைந்தது ஐந்நூறு முறை வாங்கியோ விற்றோ இருக்கிறார் என்று கொள்ளலாம். ஐந்நூறு முறையும் ஒழுங்காக நடந்துகொண்டார் என்று கொள்ள முடியாது. விற்பவருக்கு வாங்குபவரைப் பற்றி எழுத வாய்ப்பு இருந்தும், எழுதத் தகுந்ததை எழுத வாய்ப்பு இல்லை. இப்படிப்பட்ட எண்ணில் பூஜ்யத்துக்கும் ஐந்நூறுக்கும் இடையிலான தூரம் நாம் நினைக்கும் அளவுக்குப் பெரியதல்ல.

இதை நான் பணம் இழந்துதான் கற்றேன். எண்ணூறுக்கு மேல் புள்ளி வைத்திருந்த ஒருவர் என்னிடம் ஒரு அகலக்கோண லென்ஸ் வாங்கினார். அந்த எண்ணைப் பார்த்ததும் மனம் குளிர்ந்துபோய், வழக்கமாக எடுக்கும் படங்களில் பாதியை எடுக்காமலே பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து, ஒளித் துளையைச் சுருக்கி விரிக்கும் துளைத் தகடுகளில் எண்ணெய் படிந்திருக்கிறது, விவரத்துக்குப் பொருந்தவில்லை என்று புகார் பதிந்து திருப்பி அனுப்பினார். பெட்டியைப் பிரித்தபோது அதே மாதிரியைச் சேர்ந்த வேறொரு லென்ஸ் இருந்தது. குவிய வளையத்தின் ரப்பரில் என்னுடையதில் இல்லாத வெட்டு ஒன்று தெரிந்தது. என்னுடைய லென்ஸின் வரிசை எண்ணை நான் படமெடுத்து வைக்கவில்லை. புகாரை விசாரித்த தளத்தின் நடுவர்களிடம் காட்ட என் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை, பணம் திரும்பிப் போயிற்று. அது உண்மையிலேயே அந்த எண்ணூறு புள்ளிக்காரர்தானா, அல்லது அவருடைய கணக்கைக் கைப்பற்றிய வேறொருவரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கைப்பற்றப்பட்ட பழைய கணக்குதான் மோசடிக்காரருக்குக் கிடைக்கும் நல்ல முகமூடி. பூஜ்யம் போட்ட கணக்கை யாரும் களவாட மாட்டார்கள்.

பூஜ்யத்துக்கு நான் செய்த காவலை எண்ணூறுக்குச் செய்யவில்லை என்பதுதான் அங்கே நடந்த தவறு. அன்றிலிருந்து, வாங்குபவர் யாராக இருந்தாலும் ஒரே நடைமுறைதான். லென்ஸின் வரிசை எண், இரு பக்கக் கண்ணாடிகள், துளைத் தகடுகள், வளையங்களில் உள்ள கீறல்கள் ஆகியவற்றைப் படமெடுத்து, பெட்டியில் வைத்து மூடும் வரை நிறுத்தாமல் ஒரு காணொளியும் எடுத்துவிடுகிறேன். கண்ணில் படாத ஓரிடத்தில், புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் மையால் ஒரு புள்ளி வைக்கிறேன். இதையெல்லாம் செய்ய ஆறு நிமிடம் ஆகிறது. உடனடிக் கட்டண வசதி உள்ள இடங்களில் நிலையான விலைப் பொருள்களுக்கு அதை இயக்கிவைத்திருக்கிறேன். பணம் வந்தால்தான் பொருள் பட்டியலிலிருந்து நீங்கும் என்பதால், பணம் கட்டாமல் காணாமல் போகும் புதியவர் என்ற தொல்லையே அங்கு எழுவதில்லை. ஏலத்தில் அது எல்லா நேரமும் கைகூடுவதில்லை. ஈபேயில் நான்கு நாட்கள் பொறுத்திருந்து, பணம் வராவிட்டால் கட்டணம் செலுத்தாத விற்பனை என்று ரத்து செய்யலாம். அந்த நான்கு நாட்களைப் பொறுக்க முடியாமல் இரண்டாம் நாளே கோபமாக எழுதுபவர்கள் நல்ல வாடிக்கையாளரைத்தான் விரட்டுகிறார்கள்.

முகவரி விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் இளகுவதில்லை. பணம் கட்டிய பிறகு, 'நான் ஊரில் இல்லை, என் சகோதரருக்கு அனுப்பிவிடுங்கள்' என்று வேறொரு முகவரி வந்தால், ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்புகிறேன், சரியான முகவரியோடு மறுபடியும் வாங்கச் சொல்கிறேன். பேபால் போன்ற இணையப் பணப்பரிமாற்ற நிறுவனங்களின் விற்பனையாளர் பாதுகாப்பு, பரிவர்த்தனைப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு அனுப்பியதற்குத்தான் பொருந்தும். 750 டாலரும் அதற்கு மேலும் என்றால், பெற்றுக்கொண்டவர் கையொப்பமிட்டதற்கான சான்றும் வேண்டும். 'பொருள் வரவில்லை' என்று வாங்கியவர் பேபாலில் புகார் செய்ய 180 நாட்கள் அவகாசம் இருப்பதால், பார்சல் போன வழியைக் காட்டும் தடமறி எண் உள்ள ரசீதை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருப்பது வழக்கமாகிவிட்டது. நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன், பணத்தை இணையத்தில் கட்டிவிடுகிறேன் என்பவர் விஷயத்திலும் இதே சிக்கல் உண்டு. கையில் கொடுத்த பொருளுக்குத் தடமறி எண் கிடையாது. மறுநாள் பொருள் வரவில்லை என்று அவர் சொன்னால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. அப்படி வருபவரிடம், நேரில் வந்தால் நேரிலேயே பணம் என்று சொல்லிவிடுகிறேன்.

மோசடிக்காரர்களின் கடிதங்கள் ஒரு கட்டத்துக்குமேல் படிக்கச் சலிப்பாக இருக்கும். பொருளைப் பற்றி ஒரு கேள்வி கூட இருக்காது. 'பொருள்' என்றே எழுதியிருப்பார்களே தவிர லென்ஸ் என்று பெயர் சொல்ல மாட்டார்கள், ஏனெனில் அதே கடிதம் நூறு பேருக்குப் போகிறது. தளத்துக்கு வெளியே பேசலாம் என்று கைபேசி எண் கேட்பார்கள். கேட்ட விலைக்கு மேல் தருவதாகச் சொல்லி, மிச்சத்தைத் தங்கள் லாரிக்காரருக்கு அனுப்பச் சொல்வார்கள். பிறகு, பணம் வந்துவிட்டது, தடமறி எண்ணைப் பதிந்தவுடன் விடுவிக்கப்படும் என்று பணப்பரிமாற்ற நிறுவனத்தின் பெயரில் ஒரு போலி மின்னஞ்சல் வரும். அந்த மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், தனியாகத் தளத்துக்குள் நுழைந்து இருப்பைப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். இவர்களில் பூஜ்யக்காரர்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் இவர்களைக் காட்டிக்கொடுத்தது ஒருமுறை கூட அந்தப் பூஜ்யம் அல்ல, எழுதிய கடிதம்தான்.

விற்பனை விவரத்தின் அடியில், சிவப்பு எழுத்தில், 'பூஜ்யப் பின்னூட்டம் உள்ளவர்கள் ஏலம் கேட்க வேண்டாம்' என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் எழுதியிருந்தேன். மோசடிக்காரர் அதைப் படிப்பதில்லை, புதியவரில் அவசரக்காரரும் படிப்பதில்லை. கவனமாகப் படித்து விலகிப்போகிறவர், நமக்கு வேண்டிய அந்தக் கவனமான வாடிக்கையாளர்தான். எல்லாரும் அப்படி எழுதிவிட்டால் எவருக்கும் முதல் புள்ளி எங்கிருந்து வரும்? புதியவரைச் சந்தேகிப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. பெயர் கெட்டுப்போனவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுப் பெயரில் வரலாம் என்று இருக்கும் வரை, புதியவர்கள் எல்லாருமே அந்தச் சந்தேகத்தின் விலையைக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது என்று எரிக் ஃப்ரீட்மனும் பால் ரெஸ்னிக்கும் 2001இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார்கள். அவர்கள் சொல்வது விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் பொருந்தும். ஆனால் இருவரும் ஏற்கும் ஆபத்து ஒன்றல்ல. வாங்குபவர் முன்கூட்டிப் பணம் தருகிறார். பணம் வரும்வரை பொருள் என் அலமாரியில்தான் இருக்கிறது. முகமறியாத ஒருவருக்குப் பணம் அனுப்பிவிட்டு, ஒரு பெட்டி வரும் என்று காத்திருக்கும் அந்தப் பூஜ்யக்காரரின் துணிச்சல் என்னுடையதைவிடப் பெரியது. என் ஆபத்து அனுப்பிய பிறகுதான் தொடங்குகிறது. அட்டைக்குச் சொந்தக்காரர் வங்கியிடம் சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெறுவதும், மாற்றுப் பொருளைத் திருப்பி அனுப்புவதும் அந்தப் பக்கத்தில் நிற்கின்றன. அவற்றைத் தடுப்பது படங்களும் ரசீதுகளுமே.

முந்தாநாள், படமெடுக்கும் முன் வெளிச்சத்தை அளக்கும் ஒரு பழைய ஒளிமானி ஏலத்தில் போயிற்று. வென்றவர் பூஜ்யம், கணக்கின் வயது ஒரு நாள். வழக்கமான இரண்டு வரியை அனுப்பி, அந்த ஒளிமானிக்கு ஏற்ற மின்கலம் இப்போது தயாரிப்பில் இல்லை, மாற்று வகையைத்தான் தேட வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து எழுதினேன். இன்னும் பதில் இல்லை. வரிசை எண்ணைப் படமெடுத்து, பெட்டியில் வைத்துப் பஞ்சு சுற்றியாகிவிட்டது. முகவரி ஒட்டும் இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. நான்கு நாட்களில் இரண்டு போயிருக்கின்றன.