நீங்க வாத்தியாருங்க

வகுப்பில் பாடம் நடத்தும்போது காற்றுப் பிரிந்துவிட்டால் சமாளிப்பதற்கு ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு வித்தை வைத்திருப்பார்கள். நாற்காலியைத் தரையோடு சேர்த்து இழுப்பது ஒன்று. டஸ்டரை மேஜையில் தட்டி "சைலன்ஸ்!" என்று கத்துவது இன்னொன்று, வகுப்பு ஏற்கெனவே அமைதியாக இருந்தாலும் பரவாயில்லை. இருமல் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் நேரம் சரியாக அமைய வேண்டும். ஒரு நொடி பிந்தினால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். எங்களுக்கு மூத்த கணக்கு வாத்தியார் ஒருவர், வயிறு சரியில்லாத நாளில் போர்டு பக்கமே போகாமல் ஜன்னலோரம் நின்றே பீரியடை ஓட்டிவிடுவார். நான் இதில் எதையும் செய்யவில்லை. "நான்தான்" என்று சொல்லிவிட்டேன். அது சரி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் பீரியட், ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் கொள்ளு கடைந்து, வேகவைத்த தண்ணியில் ரசமும் வைத்திருந்தார்கள். இரண்டையும் டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்தபோது வந்தது. கரண்ட் போயிருந்த நேரம், ஃபேன் சத்தம்கூட இல்லை. நிமிர்ந்து பார்த்தால் ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முன் பெஞ்சில் ஒரு பெண் நோட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான்டா. மத்தியானம் கொள்ளு" என்றேன்.

வகுப்பே வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த வாரம் செரிமான மண்டலம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று போர்டில் குடலை வரைந்தேன். கொள்ளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கிற நொதி நமக்குச் சுரப்பதில்லை. அதனால் 6 மீட்டர் சிறுகுடலையும் அப்படியே தாண்டிப் பெருங்குடலுக்கு வந்து சேர்கின்றன. அங்கே இருக்கிற பாக்டீரியாக்களுக்கு விருந்து. தின்றுவிட்டு ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் விடுகின்றன, சிலருக்கு மீத்தேனும் சேரும். இந்த மூன்றுக்கும் வாசனையே கிடையாது. நாற்றமெல்லாம் துளியூண்டு கந்தகச் சேர்மங்கள் செய்கிற வேலை. ஊறவைத்த தண்ணியையும் வேகவைத்த தண்ணியையும் கொட்டிவிட்டால் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு போய்விடும். "நம்மூர்ல அதை எங்கடா கொட்டறோம், ரசமில்ல வெச்சுடறோம்" என்றதும் இன்னொரு சிரிப்பு. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே ஒரு நாளைக்கு 10லிருந்து 20 தடவை பிரியும் என்றேன். கடைசி பெஞ்சில் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

கேள்விகள் வந்தன. சில சமயம் சத்தம் வருது, சில சமயம் வர்றதில்லையே, ஏன் சார்? வெளியே வருகிற வேகத்தையும் சுருக்குத்தசை அதிர்வதையும் பொறுத்தது என்றேன். அப்போது மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்காருகிற பையன் கையைத் தூக்கினான். அட்டெண்டன்ஸுக்கு 'உள்ளேன் ஐயா' சொல்வதைத் தவிர அவன் குரலை நான் கேட்டதில்லை.

"அடக்கிக்கிட்டா அது எங்கீங்க சார் போகும்?"

கொஞ்சம் ரத்தத்தில் கலந்து மூச்சு வழியாகப் போகும், மிச்சம் அப்புறம் எப்படியும் வந்துதான் தீரும் என்றேன். "எதுக்கு அடக்கணும்? வந்தா வந்துச்சுன்னு சொல்லிட்டுப் போங்கடா, இதுல என்ன இருக்கு" என்றும் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் இதைப் பெருமையாகவே சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். இங்கிலீஷ் டீச்சர் மட்டும் பேப்பர் திருத்திக்கொண்டே, "உங்களுக்கு முடியுதுங்க சார். இதையே நாங்க சொன்னா ரிடையர் ஆகற வரைக்கும் அந்தப் பேச்சுதான் ஓடும்" என்றார். அவர் பீரோவில் ஒரு மாற்றுச் சேலை எப்போதும் இருக்கும். போர்டில் எழுதும்போது முந்தானையைப் பின்னால் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். மாதத்தில் சில நாள், பாடம் முடிந்ததும் முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி அவருக்கு ஒட்டினாற்போல் பின்னாலேயே நடந்து போவதை நானே பார்த்திருக்கிறேன். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், பாத்ரூம் இருக்கிற லட்சணத்தில். 2025இல், தண்ணீர் குடிக்கவென்று பள்ளியில் மணி அடிக்கிற வாட்டர் பெல் வந்தபோது, பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் குடிக்கலாம் என்றார் எச்.எம். "குடிச்சுட்டு எங்கீங்க சார் போறது?" என்று கேட்டது இதே டீச்சர்தான். அன்றைக்கு அவர் சொன்னதை, பெண்கள் படுகிற பாடு என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். அது வேறு யாருக்காவது பொருந்துமா என்று யோசிக்கத் தோன்றவில்லை.

சில வாரம் கழித்து, வேறொருவர் பீரியடில் அது நடந்தது. நான் அங்கே இல்லை. பையன்கள் சொன்னது ஒரு மாதிரி, பெண்கள் சொன்னது ஒரு மாதிரி, அந்த வாத்தியார் சொன்னது இன்னொரு மாதிரி. எல்லாவற்றிலும் ஒத்துப்போகிற இடம் இவ்வளவுதான்: சத்தம் கேட்டது, அவர் "எவன்டா அவன்?" என்றார், சுவரோரத்துப் பையன் எழுந்து நின்று "நாந்தானுங்க சார்" என்றான். ஒரு கதையில் அவன் "மத்தியானம் கொள்ளுங்க" என்றும் சேர்த்துச் சொன்னதாக வருகிறது. நிஜமாகவே சொன்னானா, சிரிப்புக்காகப் பிறகு யாராவது ஒட்டவைத்ததா தெரியாது. ஒட்டவைத்தது என்று நம்பத்தான் எனக்கு விருப்பம். திமிராகப் பேசுகிறான் என்று அவனை வெளியே நிற்க வைத்தார்கள். பெல் அடிப்பதற்குள் அவனுக்குப் பேர் வந்துவிட்டது. கொள்ளு.

என் டப்பாவில் இருந்த கொள்ளு அது. நியாயமாக அந்தப் பேர் எனக்கு வந்திருக்க வேண்டும். எனக்கும் பட்டப்பெயர் உண்டு, ஆனால் அது மீசையைப் பற்றியது.

அப்புறம் அவன் பள்ளிக்கு வரவில்லை. வகுப்பாசிரியர் நான்தான். ஒரு பையன் தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடுவது பல்லடம் பக்கம் எங்களுக்கு வழக்கம். அசந்தால் தறிக்குப் போய்விடுவான், இல்லாவிட்டால் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு. வீட்டை ஒட்டியே தறிக்குடோன். காடா துணி ஓடிக்கொண்டிருந்தது. விசைத்தறிச் சத்தத்தில் பேச்சு வாய் அசைவாகத்தான் தெரியும். அங்கேயே இருப்பவர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள், எனக்கு அது வராது. "வாங்க சார், வவுத்து வலின்னு படுத்துக்கிட்டானுங்க, இன்னிக்குத்தான் எந்திரிச்சான்" என்று வாசலில் அவன் அம்மா மோர் கொடுத்தார். வயிற்று வலி. நான் ஒன்றும் சொல்லவில்லை. பையன் உள்ளே, தார்க்குச்சியில் நூல் சுற்றும் மிஷின் பக்கம் நின்றிருந்தான். முடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டி, நரைத்த மாதிரி இருந்தான்.

காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "ஏன் சாமி வரல?" என்று கத்தினேன். பதில் இல்லை. "நானும்தான அன்னைக்குச் சொன்னேன்? எனக்கு யாராச்சும் பேர் வெச்சாங்களா?"

அவன் ஏதோ சொன்னான். முன்பாதி தறியோடு போய்விட்டது. பின்பாதி மட்டும் காதில் விழுந்தது. "நீங்க வாத்தியாருங்க."

திரும்பக் கேட்டிருக்கலாம்தான். அதற்குள் அவன் அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். பேச்சு நூல் விலைக்குப் போய்விட்டது.

முன்பாதியில் என்ன இருந்திருக்கும் என்று ராத்திரியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். "உங்களுக்கென்னங்க" என்று இருந்தால் அது குத்தல். "உங்களுக்கு எப்படீங்க வெப்பாங்க" என்று இருந்தால் மரியாதை. "அவங்களக் கேளுங்க" என்று இருந்தால், என்னிடம் உதவி கேட்டிருக்கிறான், நான் நூல் விலை பேசிவிட்டு வந்திருக்கிறேன். முகத்திலாவது ஏதாவது தெரிந்ததா என்றால், அதுவும் இல்லை. கை பாட்டுக்குத் தார்க்குச்சியை மாற்றிக்கொண்டே இருந்தது.

எனக்கு நானே வக்காலத்து வாங்குவதும் உண்டு. அன்றைக்கு நான் நாற்காலியை இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாத்தியார் ஒப்புக்கொள்ளாத சத்தத்துக்கு வகுப்பு ஒரு ஆளைத் தேடும். அப்போது மாட்டுவது வாயாடியாக இருக்க மாட்டான், பதில் பேசத் தெரியாதவன்தான். அநேகமாக இவனே மாட்டியிருப்பான். அப்படிப் பார்த்தால் நான் ஒருவனைக் காப்பாற்றித்தான் இருக்கிறேன், கொஞ்ச நாளைக்காவது. அடக்க வேண்டாம் என்றதும் அறிவியல்படி சரிதான். "எவன்டா அவன்?" என்று கேட்டது நான் இல்லை.

ஆனால் யாராவது விசில் அடித்தால் நானும் அதே தோரணையில் "எவன்டா அவன்?" என்று கேட்கிறவன்தான். எழுந்து நின்றவனை உட்காரச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அப்புறம் அந்தச் சிரிப்பு. நான் சொன்னபோது வகுப்பு சிரித்தது, ஆனால் நான் சிரிக்கலாம் என்று முகத்தில் காட்டிய பிறகுதான் சிரித்தது. நிறுத்து என்றதும் நின்றது. மார்க் என் கையில், அட்டெண்டன்ஸ் என் கையில், பெல் அடித்ததும் வெளியே போகிறவனும் நான்தான். அவனோ அதே பெஞ்சில், அதே ஆட்களுக்கு நடுவில், சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் அதே பஸ்ஸில் ஊருக்குப் போக வேண்டும். வெட்கத்தை விட்டுவிட்டால் போதும் என்று நான் காட்டிய வழியில் இது எதுவும் இல்லை. இங்கிலீஷ் டீச்சர் சொன்னதும் அந்தப் பையன் சொன்னதும் ஒன்றுதானோ என்று தோன்றும். மறுநாள் காலையில், ஒரு சாதாரண உடம்புச் சமாச்சாரத்தை இவ்வளவு பெரிதாக்குகிறோமே என்றும் தோன்றும்.

அடுத்த வாரம் அவன் வந்துவிட்டான். பட்டப்பெயர் வைப்பதைப் பற்றி வகுப்புக்கு ஒரு பிரசங்கம் பண்ணலாம் என்று தயாராகத்தான் போனேன், பண்ணவில்லை. வாத்தியார் தடை போட்ட பட்டப்பெயர் ப்ளஸ் டூ வரைக்கும் கூடவே வரும், இது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ரெண்டு பேரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். இப்போது பத்தாவதில் இருக்கிறான். கிரவுண்டில் வாலிபால் ஆடும்போது "கொள்ளு, தூக்கிப் போடுறா!" என்று கத்துகிறார்கள், அவனும் திரும்பிப் பார்த்துத் தூக்கிப் போடுகிறான். பழகிவிட்டதா, மரத்துவிட்டதா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. என்னைப் பார்த்தால் வணக்கம் வைக்கிறான். முன்னும் வைப்பான்.

போன மாதம் புதிதாக வந்த தம்பி ஒருவர், வகுப்பில் இப்படி ஆகிவிட்டால் என்னங்கண்ணா பண்றது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். தைரியமாக ஒப்புக்கொள்ளுங்கள், பிள்ளைகள் நம்மையும் மனுஷனாகப் பார்ப்பார்கள் என்றேன். டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது, எதற்கும் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளியே போட்டுக்கொள்ளுங்கள், இழுக்க வசதியாக இருக்கும் என்றும் சொன்னேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு இந்த வருஷமும் செரிமான மண்டலம் நடத்தினேன். அதே படம், அதே பெருங்குடல், அதே பாக்டீரியா. கொள்ளு என்று சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு பண்ணிக்கொண்டு, மொச்சை என்று சொன்னேன். முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள்.

"ஏனுங் சார், கொள்ளு தின்னா வராதுங்களா?"

வரும் என்றேன்.